மேட்டுச்சந்தையில் நூற்றுக்கு இருபத்தொன்பது

எங்கள் மேட்டுச்சந்தை நகராட்சியில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாதவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்று அரசாங்கம் அறிவித்தது. அந்த அறிவிப்பை ஊர் முழுக்கக் காதால்தான் கேட்டது.

2064-இல் எல்லோரும் எதையும் காதால்தான் கேட்டோம். வாசகி என்று ஒரு கருவி. காது மடலில் கடுகு போல் ஒரு கண்ணாடி வில்லை, உள்ளே ஒரு குரல். பஸ் போர்டைப் பார்த்தால் ஊர்ப்பெயரைச் சொல்லும். மாத்திரை அட்டையைப் பார்த்தால் காலையா மாலையா என்று சொல்லும். பத்திரத்தில் எறும்பு அளவுக்கு அடித்திருக்கும் நிபந்தனைகளைக்கூடச் சலிக்காமல் ஒப்பிக்கும். இருபது வருஷமாக இலவசம். மின்சாரம் கட்டுபடியாகவில்லை என்று இப்போது அதை நிறுத்தப் பார்த்தார்கள். எந்த ஊரில் வாசிக்கத் தெரியாதவர் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவோ, அந்த ஊரில் தை மாதத்திலிருந்து வாசகி கிடையாது. கண் தெரியாதவர்களுக்கு வேறு கருவி உண்டு. எழுத்துத் தெரியாத மற்றவர்கள் வார்டு அலுவலகத்துக்கு நேரில் வந்து, வரிசையில் நின்று, விண்ணப்பத்தைத் தங்கள் கைப்பட எழுதி நிரப்பித் தர வேண்டும். ஒரு விண்ணப்பமும் வரவில்லை. அதையும் ஆதாரமாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

எங்கள் ஊரின் கணக்கு நூற்றுக்குப் புள்ளி எட்டு. சொன்னவை நிகராள்கள். ஆளுக்கு ஒரு நிகராள் உண்டு. நாம் எங்கே போகிறோம், என்ன வாங்குகிறோம், எந்தப் பக்கத்தை எத்தனை நொடி பார்க்கிறோம் என்பதையெல்லாம் சேர்த்து, முதலில் நம்மிடமே ஐந்நூறு கேள்வி கேட்டு, நம்மைப் போலவே பதில் சொல்லப் பழக்கிய கணினி உருவம். அரசாங்கம் எது வேண்டுமானாலும் அவற்றிடம்தான் கேட்கும். மனிதனைக் கேட்டால் குறை சொல்வான். நிகராளைக் கேட்டால் பதில் சொல்லும்.

இந்தக் காலத்தில் பயன்பாட்டுப் புள்ளியியலில் நான் முதுகலை படிக்கப் போனது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நிகராள்களை மேய்க்க ஆள் வேண்டும் அல்லவா? எங்கள் கல்லூரியில் வருஷத்துக்குப் பதினோரு பேர். மாட்டின் பல்லைப் பிடித்து வயது சொல்கிற தரகர் குடும்பம் என்னுடையது. பார்த்த மாத்திரத்தில் சொல்லும் மதிப்பீட்டைப் பட்டம் வாங்கிக்கொண்டு சொன்னால் மரியாதை கூடும் என்று அப்பா அனுப்பி வைத்தார். வகுப்பில் என் பெயரே தரகர் என்றாகிவிட்டது.

அதே வகுப்பில் மிதுனாக்கா எங்களைவிட ஏழு வயது பெரியவர். ஆறு வருஷம் மருந்துக்கடையில் நின்றுவிட்டுப் படிக்க வந்தவர். நாங்கள் சூத்திரத்தை மனப்பாடம் செய்வோம். அவர் சூத்திரத்தை மருந்துச்சீட்டு மாதிரி சந்தேகத்தோடு பார்ப்பார். "இது யாருக்கு எழுதினது? எத்தனை நாளைக்கு?" என்பார். சராசரி என்று யாராவது சொன்னால், யார் யாரை விட்டுவிட்டுப் போட்ட சராசரி என்று கேட்பார். பேராசிரியர்களே பாடத்தைப் பாதியில் நிறுத்தி ஒருமுறை சரிபார்ப்பார்கள்.

அவர் ஆய்வேட்டுக்குத் தலைப்புப் பிடித்த கதை இப்படி. ஐப்பசி மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் மாவட்டம் முழுக்க வாசகி மூன்று மணி நேரம் படுத்துவிட்டது. எல்லோரும் எரிச்சலாகி எங்காவது உட்கார்ந்தார்கள். இவர் பேருந்து நிலையத்துக்குப் போய் நின்றுகொண்டார். பஸ்கள் பாதி காலியாகக் கிளம்பிப் போயின. நடைமேடையிலோ கூட்டம் நெரிந்தது. போர்டுக்கு நேர் எதிரே ஆட்கள் நின்றார்கள், ஏறவில்லை. சிலர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்கள். சிலர் யாருக்கோ காத்திருப்பது போல் எட்டி எட்டிப் பார்த்தார்கள். ஒருவரும் பக்கத்தில் நின்றவரிடம் இது எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்கவில்லை. வாசகி திரும்பி வந்ததும் ஐந்து நிமிஷத்தில் நடைமேடை காலியாயிற்று.

மறுநாள் எங்கள் வழிகாட்டி எமல்டா மேடத்திடம் போய், மேட்டுச்சந்தையில் வாசிக்கத் தெரியாதவர்கள் எத்தனை பேர் என்று தான் எண்ணப்போவதாகச் சொன்னார். மேடம் சிரிக்கவில்லை. ஒப்பீட்டு விதியை நினைவுபடுத்தினார். மாணவர் எடுக்கும் எந்தக் கள ஆய்வும் நிகராள்களின் விடைக்கு மூன்று புள்ளிக்குள் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் அது களப்பிழை, ஆய்வேடு செல்லாது, பட்டம் இல்லை. மறுதேர்வும் கிடையாது, ஏனென்றால் களத்தில் பிழை செய்கிறவர் நிகராளைத் தொட லாயக்கில்லாதவர்.

தராசைச் சரிபார்க்க எடை தெரிந்த படிக்கல் வைப்பார்கள். எங்கள் துறைக்காரர்கள் தராசு சொன்னதற்கு ஏற்ப இல்லையென்றால் படிக்கல்லைத் தூக்கி எறிந்தார்கள். படித்தவர்களால் மட்டுமே செய்ய முடிகிற தப்பு இது. சந்தையில் ஒருவன் செய்தால் அன்றைக்கே உதைபடுவான்.

"வேற தலைப்பு எடு மிதுனா," என்றார் மேடம். "உனக்கு வேலை காத்திட்டிருக்கு. மூணு மாசம் பொறுத்தா நீ நிகராள் துறையிலேயே உக்காந்து இதைச் சரி பண்ணலாம்."

"மூணு மாசத்துல தை வந்துருமுங்க மேடம்," என்றார் மிதுனாக்கா.

அவ்வளவுதான். மேடம் கையெழுத்துப் போட்டார்.

ஆனால் எப்படிக் கேட்பது? வீட்டு வாசலில் நின்று உங்களுக்கு எழுத்துத் தெரியுமா என்றால் யார் இல்லை என்பார்? பெண்டாட்டி பிள்ளைகளுக்கே தெரியாமல் முப்பது வருஷம் காப்பாற்றிய ரகசியம். நிகராள் ஏமாந்ததும் அங்கேதான். ஐந்நூறு கேள்வியை அது வீட்டுக் கூடத்தில் வைத்துச் சத்தமாகக் கேட்டது. தெரியும் என்றார்கள். பஸ்ஸில் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு பக்கம் புரட்டினார்கள். அது அந்த வேஷத்தையே ஆள் என்று கற்றுக்கொண்டது.

நூறு வருஷத்துக்கு முந்தின ஒரு முறையை மிதுனாக்கா தோண்டி எடுத்தார். ஒரு டப்பா, அதில் பத்துப் புளியங்கொட்டை. மூன்றை மட்டும் தரையில் தேய்த்து ஒரு பக்கம் தட்டையாக்கியிருக்கும். குலுக்கினால் ஒன்று மட்டும் உள்ளங்கையில் விழும். தட்டைக் கொட்டை விழுந்தால், உண்மை எதுவானாலும் "எனக்கு வாசிக்க வராது" என்றே சொல்ல வேண்டும். உருண்டைக் கொட்டை விழுந்தால் உள்ளதைச் சொல்ல வேண்டும். எது விழுந்தது என்று கேட்கிறவருக்குத் தெரியாது.

எனக்கு முதலில் பிடிபடவில்லை. இதில் யாருக்கு வாசிக்க வராது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"தெரியாது. அதுதான் முறையே," என்றார். "ஆயிரம் பேருகிட்டக் கேக்கறோம். முந்நூறு 'வராது' கொட்டை சொன்னது. அதுக்கு மேல எத்தனை வருதோ அது மனுசன் சொன்னது. ஊரோட உண்மை தெரியும். ஆளோட மானம் போகாது."

இருந்தாலும் ஒரு குறை இருந்தது. வாய்விட்டுச் சொன்னால் வீட்டார் கேட்பார்கள், வாசகியும் கேட்கும். அங்கேதான் என் பரம்பரைச் சொத்து உதவிற்று. மாட்டுச்சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. கைமேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். சுற்றி நூறு பேர் நின்றாலும் இரண்டு பேருக்குத்தான் தெரியும். துண்டுக்குள்ளே டப்பாவைக் குலுக்கட்டும், கொட்டையைத் தடவிப் பார்க்கட்டும், வராது என்றால் ஒரு விரலையும் வரும் என்றால் இரண்டு விரலையும் பிடிக்கட்டும் என்றேன். மிதுனாக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தரகரே, உன்னையும் ஏதோ காரணமாத்தான் இந்தப் படிப்புல சேத்திருக்காங்க," என்றார். எனக்குக் கிடைத்த முதல் ரேங்க் அதுதான்.

ஆண்களிடம் நான், பெண்களிடம் அவர். ஏழு வாரம். நகராட்சிப் பட்டியலில் குலுக்கல் முறையில் எடுத்த ஆயிரம் பேர். பட்டியலில் உள்ள ஆள் வீட்டில் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கேட்டுவிடலாமே என்றேன். பக்கத்து வீட்டுக்காரர் வேறு ஆள் என்றார் மிதுனாக்கா. ஒரே பாட்டியைப் பார்க்க நாலு முறை போனார். ஐந்தாம் முறை அந்த அம்மாளே, நீ வராமல் போனால்தான் கவலையாக இருக்கிறது என்று சொன்னாளாம்.

அரிசி மில் முதலாளி ஒருவர் என்னை அடிக்காத குறை. தான் நாலு பேருக்கு வேலை கொடுப்பவன், தன்னிடம் வந்து எழுத்துத் தெரியுமா என்று கேட்கிறாயா என்று கத்தினார். ஒரு விரலைப் பிடித்தால் அது நீங்களா கொட்டையா என்று எனக்கும் தெரியாது, கடவுளுக்கும் கொஞ்சம் சந்தேகம்தான் என்றேன். பக்கத்தில் நின்ற மகன்கள் இருவரையும் லாரியைப் பார்க்கச் சொல்லி அனுப்பினார். துண்டுக்குள் கையை விட்டார். டப்பா குலுங்கியது. என் ஒரு விரலைப் பிடித்தார். அவரா, கொட்டையா, தெரியாது. ஆனால் பிடித்த விரலை வெகுநேரம் விடவில்லை.

முடிவில் ஆயிரத்தில் ஐந்நூற்று மூன்று பேர் ஒரு விரல். கொட்டைக்கு முந்நூறு போக இருநூற்று மூன்று. உருண்டைக் கொட்டை விழுந்த எழுநூறு பேரில் இருநூற்று மூன்று. நூற்றுக்கு இருபத்தொன்பது.

நிகராள் சொன்னது புள்ளி எட்டு.

நான் தரகன் புத்தியைக் காட்டினேன். மூன்று புள்ளிக்குள் ஒத்துப்போனால் பட்டம். அதனால் மூன்றே முக்கால் என்று எழுதிவிடலாம். நூற்றுக்கு ஒன்றைத் தாண்டியதால் வாசகியும் நிற்காது, விதியும் உடையாது, எல்லோருக்கும் லாபம். எனக்கு அது கச்சிதமான பேரமாகப் பட்டது. இன்றைக்கும் படுகிறது.

"இது மாட்டு விலையா, அவன் கொஞ்சம் ஏற, நான் கொஞ்சம் எறங்க?" என்றார் மிதுனாக்கா. "அந்த மில்லுக்காரரு நெசத்தைச் சொல்லியிருந்தா, அவரு அதை நம்மளை நம்பிச் சொன்னாரு. நான் அவரைக் கழிச்சுட்டு மூணே முக்காலுன்னு எழுதறதா?"

"பட்டம் போயிருமுங்க்கா."

"மருந்துக்கடை அங்கேயேதான் இருக்குது."

சந்தையில் பெரிய பெரிய ஆட்களைப் பார்த்திருக்கிறேன். விலை இல்லாத ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வாய்மொழித் தேர்வு எல்லோரும் வரலாம் என்று திறந்த அரங்கில் நடக்கும். வழக்கமாக ஆறு பேர் வருவார்கள், நாலு பேர் டீக்காக. அன்றைக்கு நூற்று நாற்பது பேர். நிகராள் துறையிலிருந்தே ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். வெளித் தேர்வாளர் ஸ்ரீவத்சன், ஒப்பீட்டு விதியை எழுதியவரே அவர்தான். நல்ல மனிதர், குரலை உயர்த்த மாட்டார். தூக்குத் தண்டனையைக்கூட வானிலை அறிக்கை மாதிரி வாசிப்பார்.

கணக்கில் தப்பில்லை என்று ஒத்துக்கொண்டார். மாதிரி எடுத்த விதத்தைப் பாராட்டினார். பிறகு, வேறுபாடு இருபத்தெட்டுப் புள்ளி, விதிப்படி இது களப்பிழை, தனக்கு வேறு வழியில்லை என்றார்.

மிதுனாக்கா ஒரே ஒரு அனுமதி கேட்டார். இதே முறையில் இந்த அரங்கில் இருப்பவர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் நிகராளைப் பழக்கியபோது அது கேட்ட ஐந்நூறு கேள்விகளில் ஒன்றுக்காவது பொய் சொன்னதுண்டா?

அரங்கில் ஒரு சிரிப்பு எழுந்து பாதியில் நின்றது. ஸ்ரீவத்சன் யோசித்துவிட்டுத் தலையசைத்தார். நாங்கள் பதினோரு பேரும் துண்டும் டப்பாவுமாக இறங்கினோம். நிகராள்களை உருவாக்கியவர்கள், விற்பவர்கள், அவற்றைப் பற்றிப் பாடம் நடத்துபவர்கள் எல்லோரும் துண்டுக்குள் கைவிட்டார்கள். கடைசியாக ஸ்ரீவத்சன் கைவிட்டார்.

நூற்று நாற்பதில் நூற்றுப் பத்தொன்பது ஒரு விரல். கொட்டைக்கு நாற்பத்திரண்டு போக எழுபத்தேழு. மீதித் தொண்ணூற்றெட்டுப் பேரில் எழுபத்தேழு. நூற்றுக்கு எழுபத்தொன்பது.

பின்வரிசையில் நிகராள் துறைக்காரர் ஒருவர் குறும்புக்காரர் போலிருக்கிறது. அங்கே இருந்த நூற்று நாற்பது பேரின் நிகராள்களிடமும் அதே கேள்வியை அனுப்பினார். நொடியில் பதில் வந்து திரையில் விழுந்தது. பொய் சொன்னவர்கள் பூஜ்யம்.

இந்த முறை சிரிப்பு நிற்கவில்லை.

அடங்கிய பிறகு ஸ்ரீவத்சன் கேட்டார். "ஒரு கேள்விக்குப் பொய் சொன்னதால எல்லாமே பொய்னு ஆகுமா?"

"ஆகாதுங்க சார்," என்றார் மிதுனாக்கா. "எந்தக் கேள்விக்குச் சொன்னாங்கன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குந் தெரியாது. நான் தெரியாததைத் தெரியாதுன்னு எழுதி, அதோட அளவையும் எழுதியிருக்கறேன். உங்க நிகராளுக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் சொல்ல வரலைங்க."

ஸ்ரீவத்சன் வெகுநேரம் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் எந்த விரலைப் பிடிச்சேன்னு யாரும் கேக்காதீங்க," என்றார்.

"கேட்டாலும் எங்களுக்குத் தெரியப்போறதில்லைங்க சார்."

தேர்வுக் குறிப்பில் அவர் எழுதியதை எமல்டா மேடம் அரங்குக்கே கேட்கும்படி வாசித்தார். வேறுபாடு இருபத்தெட்டுப் புள்ளி, பிழை உள்ளது, ஆனால் அது இருப்பது ஒப்பிட்ட அளவுகோலில். ஆய்வேடு ஏற்கப்படுகிறது.

மறு வாரம் நகராட்சியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். வாசகியை நிறுத்தும் யோசனையைக் கைவிட்டாயிற்று, அந்த இருபத்தொன்பது சதவீதத்தின் பெயர்ப் பட்டியலைக் கொடுத்தால் அவர்களுக்குத் தனி வகுப்பே நடத்தலாம் என்றார். நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார். பட்டியல் கிடையாது என்று மிதுனாக்கா சொன்னதை அவர் நம்பவில்லை. இத்தனை வீடு ஏறி இறங்கி, யார் என்றே தெரியாதா என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும், வகுப்பைத் திறந்து வையுங்கள், வருகிறவர்கள் வரட்டும், பெயர் கேட்காதீர்கள் என்ற பதில்தான் வந்தது. எத்தனை நாற்காலி போடவேண்டும் என்பதை மட்டும் வார்டு வாரியாக எழுதிக் கொடுத்தார்.

பட்டமளிப்பு விழா பங்குனியில். மண்டபத்துக்குள் கருவிகளுக்கு அனுமதியில்லை. வாசகியைக் கழற்றி வாசலில் ஒரு தட்டில் போட்டுவிட்டுப் போக வேண்டும். கறுப்பு அங்கியோடு வரிசையில் நின்று, மேடை ஏறி, கைகுலுக்கி, சுருளை வாங்கிக்கொண்டு வந்து மிதுனாக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். விரித்தேன். மேலே ஒரு முத்திரை. என் பதிவு எண்ணும் வருஷமும் தெரிந்தன. எண்களில் எனக்கு ஒரு நாளும் தடுமாற்றம் இருந்ததில்லை. நடுவில் எட்டு வரி எழுத்து.

இரண்டு வருஷமும் பாடத்தைக் காதால் கேட்டேன், தேர்வை வாயால் சொன்னேன். விதி அதற்கு இடம் கொடுத்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. இந்தக் கதையையும் நான் சொல்லச் சொல்ல வாசகிதான் எழுதிக்கொண்டது. அந்த எட்டு வரி எனக்கு எட்டு வரிசை எறும்பு. வாசகி நின்றுபோயிருந்தால், படிப்பு முடியும் முன்பே தை மாதத்தோடு நான் சந்தைக்குத் திரும்பியிருப்பேன். காரணம் என்ன என்று அப்பாவுக்குக்கூடச் சொல்லியிருக்க மாட்டேன்.

சுருளை மிதுனாக்காவிடம் நீட்டினேன்.

"இதுல என்னங்க்கா எழுதியிருக்குது?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். பிறகு அவர் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு மெல்ல விலகியது. எப்போதிலிருந்து, எப்படி, ஏன் சொல்லவில்லை என்று நூறு கேள்வி கேட்கத் தெரிந்தவர், ஒன்றுகூடக் கேட்கவில்லை. சுருளை வாங்கி மடியில் விரித்துக்கொண்டார். எங்கள் இருவருக்கு மட்டும் கேட்கிற குரலில், ஒவ்வொரு வரியின் அடியிலும் விரலை மெதுவாக நகர்த்தியபடி வாசித்தார். சு. கார்முகில் என்பவர் பயன்பாட்டுப் புள்ளியியலில் முதுகலைப் பட்டத்துக்கு உரிய தேர்வுகள் அனைத்திலும் தேறியிருப்பதால் என்று தொடங்கி, முதல் வகுப்பு என்பது வரை. மேடையில் யார் பெயரையோ அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

வாசித்து முடித்ததும் சுருளைத் திருப்பித் தரவில்லை. விரலை முதல் வரியில், என் பெயர் தொடங்கும் இடத்தில் வைத்துக்கொண்டார்.

"இன்னொருக்கா வாசிக்கட்டுமா?" என்றார்.

"வாசிங்க்கா," என்றேன். "கொஞ்சம் மெதுவா."